ஒற்றைச் சப்பாத்து

டிசம்பர் 2, 2024, திங்கள்

கோவைப் பத்திரிகையிலிருந்து கதை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது முறை. இந்தத் தடவை அச்சடித்த சீட்டு இல்லை, யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்: "உங்களுக்கு எழுத வருகிறது. இன்னும் நிறைய வாசியுங்கள்." சுருக்கென்று கோபம். நாற்பத்து மூன்று வயதில் என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொல்கிறாரா? தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் கிரெச்சில் பால் ஆற்றிக்கொண்டே அந்த ஆளை மனசுக்குள் நாலு வாங்கு வாங்கினேன்.

மத்தியானம் பார்த்தால் முதல் வரி மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது. எழுத வருகிறது! எனக்கு!

டிசம்பர் 8, ஞாயிறு

குன்னூர் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிட்டேன். பஸ்ஸிலேயே ஒரு புத்தகத்தைப் பிரித்ததில் எங்கள் எஸ்டேட் ஸ்டாப் போனதே தெரியவில்லை. இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏம்புள்ள, ஊடு எங்க இருக்குதுன்னே மறந்து போச்சா?" என்கிறார்.

டிசம்பர் 21, சனி

ஐந்தாவது புத்தகம். ஒருவன் செத்துப்போகிறான். துக்கம் என்ற சொல்லே பக்கத்தில் இல்லை. அவன் கொண்டுபோன டிபன் பாக்ஸை மனைவி கழுவிக் கவிழ்க்கிறாள், அவ்வளவுதான். இப்படியெல்லாம் எழுதலாமா? யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே!

என் பழைய கதையை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே மூன்று பேர் 'கண்ணீர் மல்க' நிற்கிறார்கள். ஐயோ, மானம் போச்சு.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அதே பத்திரிகை சிறுகதைப் போட்டி வைத்திருக்கிறது. கடைசி நாள் ஜனவரி 31. இந்த முறை விடப்போவதில்லை. யாரை எழுதுவது என்றும் முடிவு செய்துவிட்டேன் – கிரெச்சில் என்னோடு சமையல் வேலை பார்க்கும் அங்கம்மா அக்காவை. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 1975-இல் கப்பலில் வந்த குடும்பம். அப்போது அக்காவுக்கு ஒன்பது வயது. பதினான்கு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறார். "கப்பல்ல வந்தோம், மண்டபம் கேம்ப்புல இருந்தோம், பொறவு இங்க" என்பதற்கு மேல் சொன்னதில்லை.

பரவாயில்லை. நூலகத்தில் இதைப் பற்றி நான்கு புத்தகம் இருக்கிறது. நான்கையும் அள்ளி வந்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

முடித்துவிட்டேன்! பதினொரு பக்கம். இரண்டு நாள் சோறு அடிப்பிடித்தது. நானே படித்து நானே அழுதேன்.

ஜனவரி 10, வெள்ளி

பிள்ளைகள் தூங்கியதும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்துபோய், ஏற்கெனவே தேய்த்து வைத்த பால் குண்டாவை மறுபடி தேய்த்தார். மனசு தாங்கவில்லை போலிருக்கிறது. ஜெயித்துவிட்டேன்!

ஜனவரி 13, திங்கள்

ஜெயிக்கவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"விஜயா, அந்தக் கதையில கப்பல் ஏறயில அழுவுதே ஒரு பொட்டப்புள்ள, அது யாரு?"

"நீங்கதானுங்க அக்கா."

"நானா? நான் எங்க அழுதேன்?"

பிறகு சொன்னார். பயணத்துக்கென்று அவருடைய அப்பா சிவப்பு ரப்பர் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார் – ஷூவை அப்படித்தான் சொல்வார். வாழ்க்கையில் முதல் சப்பாத்து. முதல் கடலும் அன்றைக்குத்தான். தம்பி தங்கையாவோடு கப்பல் தளம் முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறார். அழுதுகொண்டிருந்த அம்மா இவர் முதுகில் ஒன்று வைத்தும் சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கழற்றி வைத்த சப்பாத்தில் ஒன்று கடலில் விழுந்துவிட்டது.

"அப்பத்தான் அழுதேன். சப்பாத்துக்குத்தான். அம்மா என்னையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, ஊர நெனச்சு அழுவுது எம்புள்ளன்னிச்சு. சாவுற வரைக்கும் அதையேதான் சொல்லிச்சு. எல்லாரும் அழுத கதைய சொல்லயில, நான் சிரிச்சேன்னு எப்புடிச் சொல்றது?"

என்ன காரியம் செய்துவிட்டேன்! நாலு புத்தகத்தின் அழுகையை எடுத்து அக்கா முகத்தில் பூசியிருக்கிறேன். புத்தகங்கள் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்காதது நான். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் – கடவுளே, இதல்லவா கதை!

எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். எங்க சனம் பட்ட பாட்டுக்கு நான் சிரிச்சேன்னா காறித் துப்புவாங்க. அம்மா பேச்சப் பொய்யாக்குனா தங்கையா மனசும் நோவும்."

ஜனவரி 16, வியாழன்

எழுதக்கூடாது. கை அரிக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

திருப்பிக் கொடுக்கும் முன் நான்கு புத்தகத்தையும் நூலகத்திலேயே உட்கார்ந்து மறுபடி புரட்டினேன். மூன்றாவதில், ஒரு பக்கத்தின் அடியில் இரண்டே வரி: கப்பல் தளத்தில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள், ஒரு கிழவர் அதட்டுகிறார். இருந்திருக்கிறது! முதல் தடவை அழுகையையே தேடிப் போனதால் கண்ணில் படவே இல்லை. "அட!" என்று கத்திவிட்டேன். நூலகர் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். அந்தப் புத்தகத்தை மட்டும் திரும்பவும் எடுத்து வந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

அந்த இரண்டு வரியை அக்காவுக்குப் படித்தேன். "இன்னொருக்கா படி" என்றார். மூன்று தடவை படிக்க வைத்தார்.

"அப்ப வேற புள்ளைகளும் சிரிச்சிருக்கு."

பால் குண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு: "எழுது. பேரையெல்லாம் மாத்திடு. அனுப்புறதுக்கு முன்னால தங்கையா ஒருக்கா படிக்கச் சொல்லிக் கேக்கணும். அவன் வேணாம்னா கிழிச்சிடணும்."

சரி என்றேன். சத்தியமும் செய்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

எழுதி முடித்தேன். பத்துப் பக்கம். 'கண்ணீர்' ஒரு இடத்தில்கூட இல்லை. நான் எழுதியதிலேயே இதுதான் உருப்படி. நாளை தங்கையா அண்ணன் வருகிறார். கிழிக்கச் சொல்லிவிட்டால்?

ஜனவரி 27, திங்கள்

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். கிரெச்சில் இருப்பதெல்லாம் பிள்ளைகளின் குட்டி நாற்காலிதான். அதில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். படித்தேன். சப்பாத்து கடலில் விழும் இடம் வந்ததும், "நிறுத்துங்க" என்றார். போச்சு, பத்துப் பக்கமும் போச்சு.

"அக்கா... அது தானா வுழல."

"என்னாடா?"

"நான்தான் தூக்கிப் போட்டேன். மெதக்குதான்னு பாத்தேன்."

அக்கா கையில் பருப்புக் கரண்டி. "அடப்பாவி! அம்பது வருசம்டா!" என்று ஓங்கிக்கொண்டு எழுந்தார். அண்ணன் எழுந்திருக்கப் பார்க்கிறார், நாற்காலி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். தூங்கிய பிள்ளைகள் அத்தனையும் எழுந்துவிட்டன.

எனக்குப் பொறுக்கவில்லை. "மிதந்துச்சுங்களா அண்ணா?"

"ரொம்பத் தூரம் மெதந்திச்சு, தங்கச்சி" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "அதையும் சேத்து எழுதிருங்க."

ஜனவரி 29, புதன்

கடைசிப் பக்கத்தைத் திருத்தி, உறையில் போட்டு, விலாசமும் எழுதிவிட்டேன். ஒட்டுவதற்கு முன் அக்காவிடம் காட்டினேன்: "எல்லாப் பேரும் மாத்திட்டனுங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

அக்கா உறையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பேரு மாறுனபடியே இருக்கட்டும். அவன் பேர மட்டும் அப்புடியே போடு."