பெயர் கேட்காத ஓடை

2024 பெப்ரவரி 13
தூர வடக்கில் இன்னு என்ற பழங்குடி மக்களின் இரண்டு ஊர்கள், நடுவே ஒரு சிறு ஓடை. புதுப் பாதை அதைக் கடக்கிறது. பாதைக்கு அடியால் தண்ணீர் போக மதகு வேண்டுமா என்று வரைபடத்தில் குறிப்பது என் வேலை. செய்மதி எடுத்த கோடைப் படத்தை முகில் மூடிவிட்டது. குளிர்காலப் படத்தில் வெறும் வெள்ளைப் பள்ளம்.

மேலாளர் பத்திநாதர் அண்ணை எட்டிப் பார்த்தார். "அந்த ஊர்ச் சனத்திட்ட ஒருக்காக் கேளும் பிள்ளை."

"மாரிக்கு மட்டும் ஓடுற வழுக்கியாத்தங்கரையில பிறந்தனான் அண்ணை. வத்தின ஆறு எப்பிடியிருக்கும் எண்டு எனக்கே சொல்லித் தாறியள்?"

நான் எழுதிய குறிப்பில் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்: 'மழைக்கு மட்டும் ஓடும், மதகு தேவையில்லை.'

ஒக்டோபர் 4
பாதை முடிந்ததாம். எங்கள் புவாண்ட்-கிளேர் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

2025 மே 20
பனி உருகி, ஓடை பாதையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அது வற்றவேயில்லையாம், பனிக்கட்டிக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். இக்கரை ஊரில் ஒருத்திக்குப் பிள்ளைப்பேற்று வலி, கிளினிக் அக்கரையில். ஹெலிகொப்டர் வரும்வரை துடித்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். அதற்காக என் பிழை பிழையில்லை என்றாகுமா?

மே 21
கூட்டம். யாருடைய பிழை என்று கொம்பனிப் பெரியவர் கேட்டார். பத்திநாதர் அண்ணை, "நான்தான் சரியாப் பாக்கேல்லை" என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ர வாய் எங்க போச்சுது? சீ!

மே 22
சோறு இறங்கவில்லை. றெக்ஸ் என்னவென்று கேட்டார். தலையிடி என்றேன். கட்டினவரிடமும் பொய்.

மே 23
பிழை என்னுடையதுதான் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டேன். அண்ணை ஒன்றுதான் சொன்னார்: "முந்தநாள் சொல்லியிருக்கலாமே பிள்ளை." தேத்தண்ணி குடிக்க என்னைக் கூப்பிடாமல் போனார்.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். வழுக்கியாறு சும்மா சாட்டு. என் உடைந்த பிரெஞ்சைக் கேட்டு அந்தச் சனம் சிரிக்கும் என்று பயந்துதான் அவர்களுக்குப் போன் எடுத்துக் கேட்கவில்லை. வெட்கப்படக் கூடாத இடத்தில் வெட்கப்பட்டு, பிறகு வாழ்நாளுக்கும் வெட்கம்.

ஜூன் 3
மதகு வைக்கப் போகிறார்கள். ஊர் அலுவலகத்துடன் பேசும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். போனில் லிசெட் என்றொரு அம்மா. நான் தடுமாறியதும், "எனக்கும் பிரெஞ்சு ரெண்டாம் பாசைதான், ஆறுதலாச் சொல்லுங்கோ" என்ற மாதிரிச் சொன்னார். சிரிக்கவில்லை.

வரைபடத்தில் எழுத ஓடையின் பெயரைக் கேட்டேன். தங்கள் பாசையில் மூன்று தரம் சொல்லித் தந்தார். பொருளையும் கேட்டேன்.

"குளிரிலும் உறங்காதது."