நீ அனுப்பின வெள்ளிக் கம்பி

கரம்பொன்,
16.07.2024

அன்பு மகன் சுபேசனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவரின்ர கிருபையால நானும் தங்கச்சி லோஜனாவும் சுகம். நீயும் அங்க கட்டாரில சுகமா இருக்கவேணுமெண்டு அந்தோனியாரைத்தான் மன்றாடிக்கொண்டிருக்கிறன். அப்பாவும் சுகம் எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தனான், ஆனால் இனிப் பொய் எழுத ஏலாது மகன். அவருக்குத் தெரியாமல் குசினிக்குள்ள அடுப்படியில இருந்து எழுதுறன். லீவில வந்து நிண்ட நாரந்தனை நிசாந்தன் வியாழக்கிழமை திரும்ப அங்க வாறான், அவன்ர கையில குடுத்துவிடுறன். போனில சொல்ல வெளிக்கிட்டால் அப்பா பக்கத்தில வந்து நிண்டிடுவார். ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம் பாத்து அந்தக் கம்பியைத் தொடாத எண்டு சொன்னனான். நீ சிரிச்சுப்போட்டு, அம்மா பத்து வருசமா குழாய் ஒட்டுற உதே வேலைதான் செய்யிறன் எண்டனி. உன்னில பிழையில்லை. ஏன் எண்டு சொல்ல முதல் அவர் வந்திட்டார்.

மாசியில நிசாந்தனிட்ட நீ குடுத்துவிட்டியே, செம்புக் குழாயையும் பித்தளையையும் ஒட்டுற வெள்ளிக் கம்பி, அதைக் கண்டு அப்பாவுக்குச் சரியான புழுகம், முகமெல்லாம் சிரிப்பு. இஞ்சத்தைக் கம்பி உருக நேரமெடுக்கும், இது சூடு காட்டினவுடன தண்ணி மாதிரி ஓடி இடுக்கெல்லாம் நிரம்புது, மகன் அனுப்பினது எண்டு வாறவை போறவைக்கெல்லாம் காட்டினவர். போன மாதம் இருபதாம் திகதி, ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குக் கிட்ட றொபேட்டின்ர மீன் ஐஸ் அறையில குளிர் நிக்குதில்லை, வந்து திருத்தித் தரச்சொல்லி அப்பாவைக் கூப்பிட்டவை. உப்புக் காத்துக்குக் குழாயெல்லாம் அரிச்சுப்போய் பதினொரு பொருத்து ஒட்ட இருந்ததாம். சோளகக் காத்து எப்பிடி அடிக்கிறதெண்டு உனக்குத் தெரியும், நெருப்பு ஒரு இடத்தில நிக்காது. அதால கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்து ஒட்டினவர். மஞ்சளாப் புகை வந்ததாம், பொருட்படுத்தேல்லையாம். பின்னேரம் வந்து தேத்தண்ணி குடிச்சவர், வாய் செப்புக்காசைச் சூப்பின மாதிரிக் கிடக்கு எண்டவர். பொழுதுபட நடுக்கம், காய்ச்சல். இது வெல்டிங் காய்ச்சல், பால் குடிச்சால் போயிடும் எண்டு படுத்திட்டார். நானும் நம்பிக் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன். அடுத்தநாள் காய்ச்சல் குறைஞ்சுதான் இருந்தது. மத்தியானம் சோறு போட்டுவைச்சுக் கூப்பிடுறன், கதிரையில இருந்து எழும்பேல்லை. மூச்சு இழுக்குது, சொண்டு நாவல்பழம் திண்ட மாதிரி. றொபேட்தான் வான் கொண்டு வந்தவன். பண்ணைப் பாலத்தால பெரியாஸ்பத்திரிக்குப் போகேக்க என்ர கையைப் பிடிச்சிருந்தவர், அந்தப் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. ஒருத்தருக்கும் சொல்லாததை உனக்குச் சொல்லுறன், அந்தப் பாலத்தில வைச்சு உன்ர அப்பா இனி இல்லை எண்டு நினைச்சிட்டன்.

ஆஸ்பத்திரியில ஒரு இளம் டொக்டர் பிள்ளைதான், இவர் என்ன வேலை செய்யிறவர், முதல்நாள் எங்க நிண்டவர் எண்டு கேட்டது. லோஜனா வீட்டை ஓடிவந்து கம்பிப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினவள். அடியில எறும்பு மாதிரி எழுத்தில கட்மியம் எண்டு போட்டிருந்ததாம். அதைக் கண்டவுடன அந்தப் பிள்ளையின்ர முகம் மாறிப்போச்சு. கம்பியைக் கெதியா உருகப்பண்ணுற உலோகம் அதுதானாம், கூடச் சூடு பட்டால் புகையாகி நெஞ்சுக்குள்ள போயிடுமாம், உடன ஒண்டும் காட்டாதாம், ஆள் வீட்டை போய்ப் படுத்தாப்பிறகுதான் சுவாசப்பையில தண்ணி கட்டுமாம். கட்மியம் கலக்காத வெள்ளிக் கம்பியும் இருக்குதே, உதை ஏன் வாங்கினீங்கள் எண்டு கேட்டது. ஒன்பது நாள் ஒட்சிசனில கிடந்தவர். அப்பாவின்ர போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது எண்டு லோஜனா உனக்குச் சொன்னது அந்த நாளுகளிலதான்.

கதைக்க ஏலுமான நாள் முகத்தில போட்டிருந்ததை விலக்கிப்போட்டு அவர் சொன்ன முதல் கதை, பொடியனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தான் அனுப்பினதாலதான் எண்டு வாழ்நாள் முழுக்க நினைச்சுக்கொண்டிருப்பான் எண்டதுதான். உனக்கு அங்க கொம்பனியில முகமூடி குடுப்பினம், நீ கவனம் எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எங்கள் இரண்டு பேரிட்டயும் சத்தியம் வாங்கினவர், நானும் குடுத்தனான். ஆனால் போன ஞாயிறு நீ கதைக்கேக்க இருமினனி. ஒருக்காலில்லை, நாலைஞ்சு தரம். தூசி எண்டாய். புது ஹொட்டலுக்கு நிலத்துக்குக் கீழ வேலை, காத்தே வராது எண்டும் சொன்னனி. அப்பா ஒரு சாட்டுக்கு, ஒட்டேக்க காத்தாடி போடுறனியோ எண்டு கேட்டவர், நீ ஓம் ஓம் எண்டு வேற கதைக்குப் போட்டாய். போனை வைச்சாப்பிறகு அவர் எழும்பிக் கிணத்தடிக்குப் போனவர். அந்தத் தூரம் நடக்க இப்ப இரண்டு இடத்தில நிண்டு மூச்செடுக்கவேணும். அங்க நிண்டு அழுதவர் மகன். அண்டையில இருந்து எனக்குச் சோறு இறங்குதில்லை.

நீ பாசத்தில அனுப்பினனி, அவர் காத்துக்குக் கதவைச் சாத்தினவர், இதில ஆரை நோகிறது. அதை விடு. இதோட அந்தப் பெட்டியின்ர பேப்பரைக் கிழிச்சு வைச்சிருக்கிறன், உன்னட்டக் கிடக்கிற மிச்சத்தோட ஒத்துப்பார். வேற பொடியளிட்டத் தூக்கிக் குடுத்திடாத, அவைக்கும் தாய்மார் இருக்கினம். டொக்டரிட்டப் போய் நெஞ்சுப் படமும் சிறுநீரும் பாக்கச் சொல்லு. வேலை முடிஞ்சு வந்து காய்ச்சல் காய்ஞ்சால் படுக்காத, உடன போ. சாப்பாட்டை விடாத.

நிசாந்தனிட்ட நீ போட நீல சேட் ஒண்டு தந்துவிடுறன். ஞாயிறு போன் எடுக்கேக்க அப்பா பக்கத்திலதான் இருப்பார். கம்பியை விட்டிட்டாய், டொக்டரிட்டயும் காட்டிட்டாய் எண்டால் சேட் அளவு சரி எண்டு சொல்லு. இன்னும் இல்லை எண்டால் இறுக்கம் எண்டு சொல்லு, அம்மாவுக்குப் பொய் சொல்லாத. சத்தியத்தை முறிச்ச பாவத்தை நான் கோயிலில சொல்லிக்கொள்ளுறன். மாதா உன்ர நெஞ்சையும் மூச்சையும் காக்கட்டும். சேட் உண்மையில அளவோ எண்டு நீ வந்தாப்பிறகு பாப்பம்.

உன்ர குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா றெஜினா