கால் எட்டாத பைக்

கார்த்திகை 9, செவ்வாய்

எஸ்டேட் மேல் டிவிஷனுக்குத் தடுப்பூசி கொண்டுபோக, ரோட்டிலும் மண்பாதையிலும் ஓடக்கூடிய பழைய பைக் ஒன்றை இன்று ஓட்டிப் பார்த்தேன். விலை குறைவு. ஆனால் சீட் உயரம், நுனிக்கால்தான் தரையில் பட்டது. தேயிலைக்குள் ஏறும் வளைவில் காட்டெருமை நின்றது. பிரேக் பிடித்தேன், வண்டியோடு சாய்ந்து விழுந்தேன்.

பின்னால் தன் வண்டியில் வந்த ஸ்டீபன் அண்ணன், பைக்கை விற்பவர், "எந்திரிக்காதீங்க சிஸ்டர், அப்படியே இருங்க" என்றார் மெதுவாக. காட்டெருமை மூச்சு விடுவது கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் சரிவில் இறங்கிப் போனது.

"உயரம் கம்மியா வேற வண்டி இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குதுங்க. ஆனா இந்த மேட்டுல கல்லு அடியில தட்டும்."

வியாழக்கிழமை அங்கே குழந்தைகள் காத்திருக்கும். இதையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். விழுந்ததை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.