அது மெட்டிச் சத்தமில்லை

நேற்று ஸ்ரீரங்கம் கோயில் வாசலில் உலோகச் சோதனைச் சட்டத்துக்குள் நுழைந்ததும் அது கீச்சென்று கத்தியது. எனக்கு முன்னால் போனவருக்கும் கத்தியது, பின்னால் வந்தவருக்கும் கத்தியது. காவலர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அந்த மனிதரை நிற்கவைத்து வகுப்பே எடுத்திருப்பாய்.

துறையூர் சாலையோரம் இருந்த அந்த வயலைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒரே வகுப்பில் தொல்லியல் படித்து ஒரே வேலைக்கு வந்தவர்கள் நாம். பழங்காலத்தில் இரண்டு படைகள் மோதிய இடமாக இருக்கலாம் என்று, மனை போடுவதற்கு முன் உலோகம் தேடும் கருவியோடு நம்மை அனுப்பியிருந்தார்கள். ஏதாவது கிடைத்தால் இடத்தை விட்டுவைப்பார்கள். இல்லையென்றால் மறுநாளே பொக்லைன் இறங்கிவிடும். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கருவியை வீசி வீசி நடக்கையில் என் கால் மெட்டிக்கே அது கத்தும். வயல் முழுக்க அதே கூத்து, எல்லோரும் கேலி செய்து ஓய்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் கிழக்கு மூலையில் கருவி வேறு மாதிரி கத்தியது. சொன்னேன். மேற்பார்வையாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல், மெட்டியாகத்தான் இருக்கும், விட்டுட்டு வாங்கம்மா என்றார். சரிங்க சார் என்று நானும் கருவியை அணைக்கப் போனேன். நீதான் குறுக்கே வந்து நின்றாய்.

"மெட்டியைக் கழட்டுடி."

எனக்கு உயிரே போய்விட்டது. தாலிக்கயிற்றில் மஞ்சள்கூடக் காயவில்லை, அதற்குள் மெட்டியைக் கழற்றுவதா? மாமியார் காதுக்கு எட்டினால் வீடு இரண்டாகிவிடும். "உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு" என்று வரப்பில் உட்காரவைத்து நீயே கழற்றி, உன் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாய். வெறுங்காலோடு நடந்தேன். அதே இடத்தில் கத்தியது.

தோண்டினால் முதலில் வந்தது சோடா மூடி. மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. நீ மட்டும் கருவியைக் குழிக்குள் காட்டி, இன்னும் கத்துது பாருங்க என்றாய். அதற்கும் அடியில் துருப்பிடித்த அம்புமுனை ஒன்று இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னும் சில. சிரித்தவர் குழியோரம் அப்படியே குந்திவிட்டார். எல்லோரும் போட்டோ எடுக்க முண்டியடித்தபோது நீ அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுல விழுந்தவனும் வீட்டுல போயிட்டு வரேன்னுதான் சொல்லிட்டு வந்திருப்பான், இல்லடி?" என்றாய். அதுவரை எனக்கு அவன் ஞாபகமே வரவில்லை.

அந்த மூலையில் இன்றுவரை வீடு எழவில்லை. கண்டுபிடித்தது யார் என்று பெரிய அதிகாரி வந்து கேட்டபோது என்னைக் கைகாட்டிவிட்டு நீ டீ குடிக்கப் போய்விட்டாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நமக்குள்ள என்னடி அது என்று திட்டுவாய். இப்போது சொல்கிறேன், திட்டிக்கொள். என் காதில் விழுந்ததை நானே நம்பாதபோது நீ நம்பினாய். இப்போதெல்லாம் எந்த வயலிலும் யாராவது நிச்சயமாத்தான் சொல்றீங்களா என்று கேட்டால் நான் குரலைத் தாழ்த்துவதில்லை.

ஆமாங்க, தோண்டுங்க என்கிறேன்.