கிணற்றில் தொங்கும் துரிசுப் பை

கோட்டை, திருவனந்தபுரம்
4-8-1973

சிரஞ்சீவி அனந்துவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பரோடாவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்; இங்கும் இந்த வரியை எழுதும் வரை யாருக்கும் ஒன்றுமில்லை. நம் குடும்ப சரித்திரத்தில் நிலைக்கக்கூடிய ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. கிணற்றில் பாசி படிவதை இனிப் பொறுப்பதில்லை என்று அப்பா முடிவு செய்துவிட்டார். ரிடையரான பின் அவர் போட்ட முதல் உத்தரவு இது என்பதால் அப்பீலுக்கு இடமில்லை. உன் தம்பி சுப்பு செப்டம்பரில் கெமிஸ்ட்ரி பரீட்சையை இரண்டாம் தடவை எழுத வேண்டுமே, அதனால் படிப்பும் ஆகட்டும், கிணறும் சுத்தமாகட்டும் என்று கணக்கை அவனிடமே கொடுத்தார். சுப்பு கிணற்றை அளந்து, கரைசல் பாடத்தைப் புரட்டி, துரிசு, அதுதான் மயில்துத்தம், ஒரு மோல் என்றால் ஏறக்குறைய கால் கிலோ, பாசி போக ஒரு மோலில் நூற்றில் நாலு பங்கு, அதாவது ஒரு சின்ன ஸ்பூன் போதும் என்று விடை சொன்னான். அப்பா விடையைப் பார்த்துவிட்டு, இத்தனை பெரிய கிணத்துக்கு ஒரு ஸ்பூனா, நீ ஏன் ஃபெயிலானேன்னு இப்பத்தான் புரியறதுடா என்றார். நேரே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கிலோ கேட்டிருக்கிறார். கடைக்கார வேல்சாமி, ரப்பர் மரத்துக்கு மருந்தடிக்கவா, தோட்டம் எத்தனை ஏக்கர் சாமீ என்று விசாரித்தானாம். தோட்டமில்லை, கிணறு என்றதும் எத்தனை கிலோ என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு நிறுத்துக் கொடுத்தானாம். அந்த நீலக் கட்டிகளைத் துணிப்பையில் போட்டுக் கயிறு கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருக்கிறது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அதிகமில்லையா என்றேன். கேட்டியோ பாகீ, கரைதிறன்னா சர்க்கார் வெச்ச உச்சவரம்பு மாதிரி, அதுக்கு மேலே தண்ணி ஒரு துளி ஏத்துக்காது, மிச்சமெல்லாம் பையிலேயே கிடக்கும், பின்னே என்ன என்றார். முப்பது வருஷம் அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் இருந்தவர். வரம்பு என்ற சொல்லிடம் அவருக்குப் பக்தி அதிகம். சுப்பு தூங்கினபின் நானே புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வரம்பு இருக்கத்தான் இருக்கிறது. நூறு கிராம் தண்ணீரில் முப்பது கிராம் துரிசு கரையுமாம். அந்தக் கணக்குக்கு நம் செப்புக் குடம் ஒன்றே அந்த இரண்டு கிலோவையும் கரைத்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும். கிணற்றுக்கு அந்த வரம்பு எதற்கு, யாரைக் காப்பாற்ற என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். நீ சமையலைப் பாரு என்றார். பாசி போய்விட்டது, அதை மறுப்பதற்கில்லை. கிணற்றடியில் தவளைச் சத்தமும் நின்றுவிட்டது. அதையும் அப்பா வரவில் சேர்த்துக்கொண்டார்.

நாங்கள் குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறோம். கிணறு குளிக்கவும் துணி அலசவும்தான், அதனால் ஆபத்தில்லை என்பது அப்பாவின் வாதம். இந்த உத்தரவு போட்டபோது உன் சீதாலக்ஷ்மி அத்தை சுசீந்திரம் போயிருந்தாள். நேற்று வந்துவிட்டாள். குழாயில் தோல் வாஷர் இருக்கிறது என்று அந்தத் தண்ணீரை அவள் நாக்கில் வைக்கமாட்டாள், நம் கிணற்றுத் தண்ணீர்தான் குடிப்பாள் என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறைத்துத் தருகிறேன் என்றேன். அங்கே தீட்டு, வேண்டாம் என்றாள். துரிசு விஷம், கிணறு முழுக்கக் கலந்திருக்கிறது என்று விளக்கியும் பார்த்தேன். சேஷன் கணக்குப் போட்டா தப்புமோ, அவன் போடாத கணக்கா, நீ சும்மா இருடி என்றாள். தம்பிமேல் அக்காவுக்கு இருக்கும் நம்பிக்கையை உடைக்க எந்தப் புத்தகத்திலும் வழி சொல்லியிருக்கவில்லை.

நீ உரக் கம்பெனியில் கெமிஸ்ட். உன் வார்த்தையை அப்பா கேட்பார், சம்பளம் வாங்குகிறவன் சொன்னால்தான் அவருக்கு சாஸ்திரம். கடிதம் எழுதி நாளைக் கடத்தாதே. பையை எடுக்கவும் என்று ஒரு தந்தி அடி. மழையில் நனையாதே, ஹோட்டலில் தயிர் சாப்பிடாதே. பத்மநாபன் உன்னை நல்லபடி வைக்கட்டும். மறக்காதே, தந்தி.

இப்படிக்கு,
உன் அம்மா
பாகீரதி

பி.கு. கவரை ஒட்டுமுன் மனசு கேளாமல் நானே போய்க் கயிற்றை இழுத்தேன். பையில் ஒன்றுமில்லை, துணி மட்டும் நீலமாக இருக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்று அத்தை மத்தியானம் சாப்பிடவில்லை.