நான் கேட்காமலே பாஸ் செய்த பாட்டு

என் தம்பி நந்துவுக்கு, உன்னை நிம்மதியாக இருக்க விடாத அக்கா எழுதுவது.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது, கண்ணு. வீரபாண்டி பஸ் ஸ்டாப்பில் உன் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். நீ இசையமைத்த ஏழு படங்களோடு, நீ இசையமைக்காத ஒரு படத்தின் பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பார்த்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய்யை அந்த நாலு பேரும் உண்மை என்று நம்பியிருந்தார்கள்.

நம் யூனிட்டில் நடப்பது செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்துப் பார்ப்போம். பிசிறு இருந்தால் வெட்டுவோம். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவரிடமே ஆல்டருக்குத் திருப்பி அனுப்புவோம். குறை இல்லாதது பாஸ். இதைத் தவிர எனக்கு உலகத்தில் வேறொன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

கோயில் திருவிழாக்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த கல்லூரிக் காலத்தில், நீ சொந்தமாகப் போட்ட முதல் மெட்டை இங்கேதான் வாசித்துக் காட்டினாய். நான் மேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டாவது வரி தொங்குது கண்ணு," என்றேன். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் போய்ப் படுத்தாய். மறுநாள் வந்து வாசித்தாய், வரி தொங்கவில்லை.

அதற்குப் பிறகு வடபழனியில் ஒரு மாடி அறை, பதினோரு வருடம் அடுத்தவர் பாட்டுக்கெல்லாம் கீபோர்டு. முதல் படம் மூன்றே நாளில் தியேட்டரை விட்டு ஓடியது. மூன்றாவது படத்தின் பாட்டு மினி பஸ்ஸிலெல்லாம் ஓடியது. எந்தப் படமானாலும் மெட்டு முதலில் எனக்குத்தான் வரும். "அக்கா, எங்கீங்க இடிக்குது?" என்று கேட்பாய். நானும் ஓரிடமாவது சொல்லாமல் விட்டதில்லை. ஒரு பேட்டியில் உன் குரு யார் என்று கேட்டபோது, "எங்க அக்காங்க. அவங்களுக்குச் சங்கீதம் தெரியாது, கொறை தெரியும்," என்றாய். வெளியே உன்னைத் திட்டினேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரிந்திருக்குமா?

ஏழாவது படத்தின் கடைசி மெட்டை நீ அனுப்பிய நாளைச் சொல்கிறேன். அன்று ஷிப்மெண்ட். சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய ஆள் வந்து உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகப் பிரித்துக் குறை தேடிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் பீஸில் நான் செய்வதை என் பீஸில் ஒருவர் செய்தார். எரிச்சலோ எரிச்சல். ஃபோனை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

சாயங்காலம் கூப்பிட்டாய். "கேட்டீங்களா அக்கா?"

"கேட்டேன் கண்ணு. நல்லாருக்குது. பாஸ்."

"ஒண்ணுமே இல்லீங்களா? ஒரு பிசிறுகூட?"

"ஒண்ணுமில்ல சாமி."

"இத்தன வருசத்துல இதுதானுங்க மொதத் தடவ," என்றாய். உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், வேலை கிடக்கிறது என்று வைத்துவிட்டேன். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினோராம் நாள் உன் நெஞ்சு நின்றுபோனது. அதன் பிறகு அந்தப் பாட்டைத் தொடவே எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் அந்தப் படத்தின் இயக்குநர் வந்தார். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் பண்ணிக்கொள்ளாமல் போய்விட்டாய், உன் பாட்டுக்குக் கையெழுத்துக் கேட்டு என்னிடம்தான் வரவேண்டியிருக்கிறது. வாத்தியமெல்லாம் நீயே முடித்துவிட்டாயாம், பாடகி பாடுவது மட்டும் பாக்கியாம்.

"பாடுறவங்க ஒரு இடத்துல மூச்சு முட்டுதுன்னாங்க அக்கா. சார்கிட்ட கீபோர்டு வாசிச்சவரும் லேசா மாத்திக்கலாம்னார். நான் விடவே இல்ல. அக்காவே பாஸ் பண்ண டியூன், யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டேன்," என்றார். அதை ஒரு நல்ல செய்தியாக நினைத்துத்தான் சொன்னார். கையெழுத்துக்கு ரெண்டு நாள் டைம் கேட்டேன்.

மறுநாள் காலையில் யூனிட்டில் வைத்தே கேட்டேன். நல்ல மெட்டு, நந்து. உன் மெட்டுகளிலேயே நல்ல மெட்டு. ஆனால் ரெண்டாவது சரணத்தின் மூன்றாம் வரி ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவதற்குள் அடுத்த வரி வந்து மேலே விழுகிறது. திரும்பவும் போட்டேன். பக்கத்து மேசையில் ரிங்கி, ஒடிசாப் பெண், தலையாட்டிக்கொண்டே பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வரி வந்ததும் தலை நின்றது. "அக்கா, இங்க மாட்டுது," என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழே சைஸும் சாப்பாடும்தான். அவளுக்குத் தெரிந்தது எனக்கு அன்றே தெரிந்திருக்கும், கேட்டிருந்தால்.

குறை இருக்கும் பீஸைத் தைத்த கைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இதை நான் எந்தக் கைக்கு அனுப்புவது? சொல்லாமல் விட்டால், நீ கடைசியாகப் போட்ட பாட்டு அந்தக் குறையோடு உன் பெயரில் ஊர் சுற்றும். சொன்னால், நீ அவ்வளவு நம்பிய என் வார்த்தை பொய் என்று உன் ஆட்களுக்கெல்லாம் தெரியும். நாள் முழுக்க இதே யோசனை. சோற்றில் உப்பு போட்டேனா என்றுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் உன் ரெண்டாவது படம் நினைவுக்கு வந்தது. அதிலும் இதே மாதிரி ஓரிடம். "மூச்சு விட எடமில்லையே கண்ணு, பாடறவங்க பாவமல்ல?" என்று கேட்டேன். "தாளத்துல ஒரு தட்டு சும்மா உட்டர்றனுங்க அக்கா, செரியாப் போயிரும்," என்றாய். விட்டாய், சரியாகப் போனது.

இயக்குநருக்கு ஃபோன் செய்தேன். "தம்பி, அந்தப் பாட்டை நான் அன்னைக்குக் கேக்கவே இல்லீங்க. கேக்காமயே நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டனுங்க."

அவர் மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு சார் எப்படி இருந்தார் தெரியுமாக்கா? எங்க எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சார். பஜ்ஜி வாங்கிட்டு வரச் சொன்னார். அக்கா ஒரு குறையும் சொல்லலன்னு ரெண்டு தடவ அவரே பாடிக் காட்டினார்."

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், நந்து. நான் அழுது முடிக்கும்வரை அந்த மனுசர் காத்திருந்தார். அப்புறம் இடத்தைச் சொன்னேன், ஒரு தட்டு விடச் சொன்னேன். வரியில் ஒரு சொல்லைக் குறைக்கப் பாட்டு எழுதியவரும் ஒத்துக்கொண்டாராம். வேறு யாருடைய சுரமும் உன் பாட்டில் சேரவில்லை. நேற்றுப் பாடி முடித்துவிட்டார்களாம். "இப்போ மூச்சு முட்டலியாம்," என்றார் இயக்குநர். நீயாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பாயா? வேறு மாதிரி யோசித்திருப்பாயோ? தப்பென்றால் என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே.

பாட்டைத் திருத்திவிட்டேன். நீ அன்று பட்ட சந்தோஷத்தை நான் என்ன செய்ய? அது பொய்யில் வந்த சந்தோஷம். உண்மையைச் சொல்லியிருந்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய், மறுநாள் இன்னும் நல்லதாகக் கொண்டு வந்திருப்பாய். ஆனாலும் அந்தப் பஜ்ஜியை உன் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும் கண்ணு.

படம் வருகிற அன்று யூனிட்டுக்கு லீவு விட்டுவிட்டு, ரிங்கியையும் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்குப் போகிறேன். முதல் எழுத்துப் போடுவதிலிருந்து கடைசி எழுத்துப் போடும்வரை கேட்பேன். கேட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.

நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன். இல்லாவிட்டால் அதையும் உன்னிடம்தான் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி அக்கா