பெரிய டயர் போட்ட பேட்டரி ஆட்டோ

வெள்ளிக்கிழமை

எழுத்து கோணலாகத்தான் வருகிறது, இந்த வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றேன், கை இன்னும் பழகவில்லை. ஆனாலும் எழுதாமல் எரிச்சல் அடங்காது.

தேயிலைத் தோட்டத்துக் கரடுமுரடான ரோட்டில் வண்டியின் அடி தட்டாமல் இருக்க, மருமகன் தன் பேட்டரி ஆட்டோவுக்குப் பெரிய டயர் மாட்டியிருந்தார். அதில்தான் என் மனைவியை இரத்தினபுரிக்குக் கண் கிளினிக்குக் கூட்டிப் போனோம். ஏற்றத்தில் மோட்டார் முனகியது. பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது.

“ஒரு சார்ஜுல டவுனுக்குப் போய் வர்ற தூரம் ஓடும்னு எழுதியிருக்கே மாமா!”

ஆட்டோவோடு வந்த காகிதத்தை வாங்கி, நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சமமான ரோட்டில், கம்பெனி டயரோடு, ஒருவர் மட்டும் போனால் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

“மூணு பேரு வந்திருக்கோம். நம்ம பக்கம் சமமான ரோடு எங்க மாப்பிள இருக்கு?”

“படிச்சது போதும், எறங்கித் தள்ளுங்க” என்றாள் மனைவி.

சந்தி வரை தள்ளி, ஆட்டோவை அங்கேயே விட்டு, பஸ் பிடித்துப் போவதற்குள் கிளினிக் முடிந்துவிட்டது. அடுத்த வெள்ளி வரச் சொன்னார்கள். பஸ்ஸில்தான் போவோம். அவள் கண்ணைப் பற்றி டாக்டர் சொல்வதை அன்று எழுதுகிறேன்.